ஒலிம்பிக்குக்குப் பனி, ஜல்லிக்கட்டுக்கு மேய்ச்சல்: பெரிய விழாக்கள் நிலைக்க எதைக் காப்பாற்ற வேண்டும்?

2025 பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் நடக்கவிருந்த ஒரு விளையாட்டு விழா தள்ளிப்போனது. தேர்தல் காரணமில்லை, புயல் காரணமில்லை. பனி விழவில்லை, அவ்வளவுதான். 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுப் போட்டிகளின் இரண்டாம் கட்டம் பிப்ரவரி 22 முதல் 25 வரை என்று அறிவித்திருந்தார்கள். சறுக்குவதற்குப் போதிய பனி இல்லாததால் ஒத்திவைத்து, மார்ச் 9 முதல் 12 வரை நடத்தி முடித்தார்கள்.

'அது காஷ்மீர் கதை, நமக்கென்ன?' என்று பெரம்பலூர் மாவட்டம் வாலிகண்டபுரத்தில் இருப்பவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தப் பக்கம் பனி என்றால் மார்கழி விடியலில் மக்காச்சோளத் தோகையில் சொட்டும் நீர்த்துளி. அதில் யாரும் சறுக்கப் போவதில்லை.

ஆனால், குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டும் ஒரு விளையாட்டு இங்கேயும் இருக்கிறது. தை பிறந்தால் வாடிவாசல் திறக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் தச்சங்குறிச்சியில் தொடங்கி, மதுரையில் உச்சம் தொட்டு, திருச்சி, பெரம்பலூர், அரியலூர் என்று மே மாதம் வரை ஜல்லிக்கட்டு நீள்கிறது. குளிர்கால ஒலிம்பிக்கைப் பசுமையாக்க உலகம் கொடுத்த விலையும் கற்ற பாடமும் அந்த வாடிவாசலுக்கு அப்படியே பொருந்தும். அந்தப் பாடத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: விழா நாளைப் பெரிதாக்கப் பெரிதாக்க, விழாவைத் தாங்கும் அடித்தளம் கண்ணில் படாமல் போகிறது.

உலகம் கற்ற பாடம் என்ன?

குளிர்கால ஒலிம்பிக்கின் மூலப்பொருள் பனி. அதுவே இப்போது உத்தரவாதம் இல்லாத சரக்காகிவிட்டது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் கிட்டத்தட்ட முழுக்கவே செயற்கைப் பனியில் நடந்தது. 2026 பிப்ரவரியில் இத்தாலியின் மிலான், கோர்டினாவில் நடந்த ஒலிம்பிக்குக்கும் செயற்கைப் பனி தேவைப்பட்டது. அதற்கு ஏற்பாட்டாளர்கள் போட்ட தண்ணீர்க் கணக்கு 9 லட்சத்து 48 ஆயிரம் கன மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் சுமார் 33 மில்லியன் கன அடி. ஓர் ஏரித் தண்ணீரைப் பம்ப் வைத்து மலையேற்றி, குளிர்ந்த காற்றில் பீய்ச்சியடித்துப் பனியாக்குகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்காக நடந்த ஆய்வு ஒன்று இன்னும் கவலை தருவது. குளிர்கால ஒலிம்பிக்கை நடத்தும் வசதி கொண்ட 93 மலைப்பகுதிகளை எடுத்துப் பார்த்தார்கள். 2050-களில் அவற்றில் 52 இடங்களில்தான் பனியை நம்ப முடியும் என்று தெரியவந்தது. மீதி 41 இடங்களில் ஸ்டேடியம் இருக்கும், லிஃப்ட் இருக்கும், ஹோட்டல் இருக்கும். பனி மட்டும் இருக்காது.

ஒலிம்பிக்காரர்கள் இரண்டு விஷயங்களை மாற்றிக்கொண்டார்கள்.

ஒன்று, புதிதாகக் கட்டாதே, இருப்பதைப் பயன்படுத்து. 2024 பாரிஸ் கோடைக்கால ஒலிம்பிக்கில் 95 சதவீத அரங்குகள் ஏற்கெனவே இருந்தவை, அல்லது விழா முடிந்ததும் கழற்றிவிடக் கூடியவை. மொத்தக் கார்பன் உமிழ்வு சுமார் 15.9 லட்சம் டன். லண்டன், ரியோ ஒலிம்பிக்குகளின் சராசரியில் பாதிக்கும் குறைவு.

இரண்டு, அசல் வில்லன் யார் என்று கண்டுபிடித்தார்கள். பாரிஸ் உமிழ்வில் பாதிக்கு மேல் வந்தது பயணத்திலிருந்து. ஸ்டேடியத்தில் எரியும் விளக்கோ, குப்பைத்தொட்டியில் விழும் கப்போ அல்ல. வேடிக்கை பார்க்க விமானம் ஏறி வந்த கூட்டம்தான் பெரிய கணக்கு.

பாடம் படித்தும் சறுக்கியவர்கள் உண்டு. 2006 டூரின் ஒலிம்பிக்குக்காக இத்தாலி 10 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து, செசானா என்ற ஊரில் ஒரு பனிச்சறுக்கு வண்டித் தடம் கட்டியது. ஐந்தே வருடத்தில், 2011-ல் அதை மூடிவிட்டார்கள். பராமரிக்கக் கட்டுப்படியாகவில்லை. அதே இத்தாலி 2026-க்காக கோர்டினாவில் சுமார் 12 கோடி யூரோவில் இன்னொரு தடம் கட்டியது. பக்கத்து நாட்டில் இருக்கும் தடத்தைப் பயன்படுத்துங்கள் என்று ஒலிம்பிக் கமிட்டியே சொல்லியும் கேட்கவில்லை. நூற்றுக்கணக்கான மரங்கள் போயின.

கௌரவம் என்று வந்துவிட்டால் கணக்கு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. இது இத்தாலிக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.

நெடுஞ்சாலை சொல்லும் கணக்கு

வாலிகண்டபுரம் இருப்பது சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையில். வாலீஸ்வரர் கோயில் உள்ள பழைய ஊர். பொங்கல் வாரத்தில் இந்த ஊரைத் தாண்டிப் போகும் வண்டிகளுக்குக் கணக்கே இல்லை. திருமாந்துறை சுங்கச்சாவடியில் வரிசை நீளும். அந்த வரிசையில் சொந்த ஊருக்குப் போகிறவர்களோடு, மதுரை ஜல்லிக்கட்டைப் பார்க்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

வாலிகண்டபுரத்து இளைஞர் ஒருவர் சென்னையில் ஐடி வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொங்கலுக்கு 250 கிலோமீட்டர் பயணித்து ஊருக்கு வருகிறார். இது தவிர்க்க முடியாத பயணம்; தவிர்க்கச் சொல்வதும் அநியாயம். அடுத்த நாள் நண்பர்கள் கூப்பிடுகிறார்கள்: "அலங்காநல்லூர் போலாமா மச்சான்?" அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். போக வர 400.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் 400 கிலோமீட்டர் போய் வந்தால் 27 லிட்டர் பெட்ரோல், 60 கிலோவுக்கு மேல் கார்பன். நாலு பேர் போனால் தலைக்கு 15 கிலோ. அதே தூரத்தை 50 பேர் ஒரு பஸ்ஸில் போனால் தலைக்கு நாலு, நாலரை கிலோதான் வரும். 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊருக்கு டூவீலரில் போய் வந்தால் இரண்டு கிலோவைத் தாண்டாது.

ஜல்லிக்கட்டுத் திடலில் ஒருவர் பேப்பர் கப்பில் டீ குடிக்கிறாரா, சில்வர் டம்ளரில் குடிக்கிறாரா என்பது முக்கியம்தான். ஆனால் அவர் எவ்வளவு தூரத்திலிருந்து, எதில் வந்தார் என்பதற்கு முன்னால் அந்தக் கப் ஒன்றுமே இல்லை. பாரிஸ் சொன்ன பாடம் இதுதான்.

பயணம் மனிதருக்கு மட்டுமல்ல, காளைக்கும் உண்டு. மதுரைப் பக்கத்துப் பெரிய போட்டிகளில் ஒவ்வொன்றிலும் ஆயிரம் காளைகள் அளவுக்குப் பதிவாகின்றன. ஒவ்வொரு காளைக்கும் ஒரு மினி லாரி, கூட நாலைந்து பேர். இரவெல்லாம் பயணம், விடியலில் வரிசை, மணிக்கணக்கில் காத்திருப்பு, வாடிவாசலில் சில விநாடிகள், மறுபடி அதே லாரி. உமிழ்வுக் கணக்கை விட்டுவிடுங்கள், காளையின் உடம்புக்கு அது என்ன பாடு?

இதைக் கட்டுப்படுத்த முடியாதா என்றால், முடியும் என்பதற்கு மதுரையே உதாரணம். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றில் ஏதாவது ஒன்றில்தான் ஒரு காளை இறங்கலாம் என்று 2025-ல் அந்த மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஆன்லைன் பதிவு இருப்பதால் இது சாத்தியமாயிற்று. அதே பதிவில் 'எந்த மாவட்டக் காளை' என்ற கேள்விக்கும் முன்னுரிமை கொடுத்தால், பெரம்பலூர்க் காளை பெரம்பலூரிலும் அரியலூர்க் காளை அரியலூரிலும் களம் காண வழி பிறக்கும்.

கட்டுவதா, கழற்றுவதா?

2024 ஜனவரி 24 அன்று அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. சுமார் 66 ஏக்கர், 60 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. பார்வையாளர் மாடம், மருத்துவ வசதி, காளைகளுக்கான இடம் என்று நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்குப் பாதுகாப்பாகக் காட்ட ஓர் இடம் வேண்டும் என்பதும் ஏற்கக் கூடிய வாதம்தான்.

கேள்வி அந்த ஓர் அரங்கத்தைப் பற்றியது அல்ல. 'எங்க மாவட்டத்துக்கும் ஒண்ணு வேணும்' என்ற கோரிக்கை கிளம்பினால் என்ன செய்வது என்பதுதான். ஜல்லிக்கட்டு மைதானம் வருடத்தில் எத்தனை நாள் பயன்படும்? செசானா தடத்தை மூட வைத்த கேள்வி இதுவே. கான்கிரீட்டில் நிற்கும் மாடம் விழா இல்லாத நாளிலும் செலவு வைக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒலிம்பிக் இன்று கஷ்டப்பட்டு எட்டிப்பிடிக்கும் 'தற்காலிக அரங்கம்' கிராமத்துக்குப் புதுசே இல்லை. கோயில் திடலில் வாடிவாசல் அமைப்பார்கள். சவுக்குக் கம்பும் மூங்கிலும் கயிறும் சேர்ந்து கேலரியாகும். மூன்றாம் நாள் பார்த்தால் திடல் பழையபடி ஆடு மேயும் இடமாக இருக்கும். கம்பு அடுத்த ஊர்ப் பந்தலுக்குப் போயிருக்கும்.

ஆனால் பழமையைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொண்டால் அது ஏமாற்று. கட்டிய கேலரி சரிந்தால் உயிர் போகும். அதனால்தான் 2017-ல் சட்டத் திருத்தத்தோடு வந்த விதிகள் கடுமையாக இருக்கின்றன. அரசிதழில் இடம்பெற்ற ஊரில்தான் போட்டி நடத்தலாம். கேலரியின் உறுதிக்குப் பொதுப்பணித் துறை சான்று தர வேண்டும். இரட்டைத் தடுப்பு வேண்டும். கால்நடை மருத்துவர் காளையைச் சோதிக்க வேண்டும். மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ், கேமரா, காப்பீடு எல்லாம் வேண்டும். ஒன்றையும் குறைக்க முடியாது, குறைக்கவும் கூடாது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இத்தனை செலவையும் ஸ்பான்சர் கூட்டம் மொய்க்கும் ஊர் தாங்கும். பெரம்பலூர் மாவட்டத்தின் அன்னமங்கலமோ, அரியலூர் மாவட்டத்தின் கோக்குடியோ ஒவ்வொரு முறையும் ஊர் வரி போட்டு, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் வசூலித்துத்தான் நடத்த வேண்டும். ஒரு வருடம் முடியாமல் போனால் அடுத்த வருடமும் நின்றுபோகும். உள்ளூர் வாடி நின்றால் அந்த ஊர்க் காளையும் ஆளும் பெரிய ஊர் நோக்கி லாரி ஏறுவார்கள். சின்னது சாகச் சாக, பெரியது இன்னும் பெரிதாகிறது.

இதற்கு ஒரு தீர்வு உண்டு. மாவட்டத்துக்கு ஒரு 'செட்'. கழற்றி மாட்டக் கூடிய இரும்புத் தடுப்புகள், சான்று பெற்ற கேலரிச் சட்டங்கள், கேமராக்கள், தண்ணீர்த் தொட்டிகள் எல்லாவற்றையும் மாவட்ட நிர்வாகம் ஒரு முறை வாங்கி வைக்கட்டும். போட்டித் தேதிகளை வரிசையாக அமைத்து, இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் இன்னோர் ஊர் என்று அதைச் சுற்றுக்கு விடட்டும். கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுக்கிற கதைதான். ஊருக்குச் செலவு குறையும், பாதுகாப்பு எல்லா இடத்திலும் ஒரே தரத்தில் இருக்கும், புதிதாகக் கான்கிரீட் கொட்ட வேண்டியதில்லை. ஓர் அரங்கம் கட்டும் பணத்தில் இப்படிப் பல செட் வாங்கலாம்.

திடலில் மிஞ்சுவது என்ன?

போட்டி முடிந்த மறுநாள் திடலைப் பாருங்கள். தண்ணீர் பாட்டில், டீ கப், பிரியாணி டப்பா, பிளக்ஸ் பேனர். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் எல்லாம் அதில் வரும். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. சட்டம் புதிதாகத் தேவையில்லை. அனுமதிக் கடிதத்தில் 'தடை செய்த பொருள் விற்றால் அடுத்த வருடம் அனுமதி கிடையாது' என்று ஒரு வரி சேர்த்து, அதன்படி நடந்தால் போதும்.

பாட்டிலுக்கு அந்தத் தடை இல்லை என்பதால் அங்கே வேறு வழி வேண்டும். திடலைச் சுற்றி நூறு அடிக்கு ஒரு குடிநீர்த் தொட்டியும் கழுவி வைத்த டம்ளரும் இருந்தால் எவரும் இருபது ரூபாய் கொடுத்து பாட்டில் வாங்க மாட்டார்கள். தண்ணீர்ப் பந்தல் வைப்பது இந்த மண்ணுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமா என்ன?

இன்னொரு பொருள் பலர் கண்ணில் படுவதில்லை: களத்தில் கொட்டும் தேங்காய் நார்க்கழிவு. விழுந்தால் அடிபடாமல் இருக்க வாடிவாசல் முன்னால் அதை மெத்தை போலப் பரப்புகிறார்கள். முடிந்ததும் பல இடங்களில் ஓரமாகக் குவித்து விட்டுவிடுகிறார்கள், அல்லது கொளுத்துகிறார்கள். அதைச் சாணத்தோடு சேர்த்து மக்கவைத்தால் நல்ல உரம். பச்சையாக வயலில் போடக் கூடாது. மக்கிய பிறகுதான் போட வேண்டும். பெரம்பலூர் சின்ன வெங்காயத்துக்கும் பருத்திக்கும் பெயர்போன மாவட்டம். ஒரு திடலின் நார்க்கழிவு பக்கத்து வயலுக்கு உரமாகப் போக, ஒரு டிராக்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

காளை எங்கே மேயும்?

இதுவரை சொன்னதெல்லாம் விழா நாளின் சங்கதி. அசல் கேள்வி மீதி 364 நாளைப் பற்றியது.

பனிச்சறுக்குக்குப் பனி எப்படியோ, ஜல்லிக்கட்டுக்குக் காளை அப்படி. காளைக்கு மேய்ச்சல் நிலம் அப்படி. பனி குறைந்ததும் ஒலிம்பிக்காரர்கள் இயந்திரம் வைத்துப் பனி செய்தார்கள். மேய்ச்சல் குறைந்ததும் இங்கே காளை வளர்ப்பவர் என்ன செய்கிறார்? பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு, பேரீச்சம்பழம் என்று கடையில் வாங்கிக் கட்டுத்தறியில் வைத்துப் போடுகிறார். இதுவும் ஒரு வகைச் செயற்கைப் பனிதான். கையில் காசு உள்ளவரை ஓடும்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2012-உடன் ஒப்பிட்டால் நாடு முழுவதும் நாட்டு மாடுகள் 6 சதவீதம் குறைந்தன. கலப்பின, வெளிநாட்டு மாடுகள் ஏறத்தாழ 27 சதவீதம் கூடின. காரணம் யாருக்கும் தெரியாததல்ல. உழவுக்கு டிராக்டர் வந்தது. பாலுக்குக் கலப்பினப் பசு வந்தது. காளைக் கன்று பிறந்தால் வீட்டுக்குப் பாரம் என்றாகிவிட்டது. நாட்டுக் காளையை வைத்திருக்க ஒரு காரணத்தை மிச்சம் வைத்திருப்பது ஜல்லிக்கட்டு. 2017 மெரினா போராட்டத்தில் இளைஞர்கள் சொன்ன முக்கிய வாதமும் அதுவே.

அந்த வாதம் உண்மையாக வேண்டுமானால் மேய்ச்சல் நிலம் இருக்க வேண்டும். வருவாய்த் துறைப் பதிவேட்டில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்று ஒரு வகை உண்டு. ஊர் மாடுகளுக்காக ஒதுக்கிய பொது நிலம். அதில் கட்டடம் வரும், ஆக்கிரமிப்பு வரும், சீமைக்கருவேலம் மண்டும். மாடு மட்டும் மேயாது. ஜல்லிக்கட்டுக்குப் பெயர்பெற்ற புலிக்குளம் மாடுகள் பல இடங்களில் இன்றும் கிடை மாடுகளாகத்தான் வளர்கின்றன. அறுவடை முடிந்த வயலில் இரவு கிடை போட்டால் சாணமும் கோமியமும் அங்கேயே உரமாகும். உரக்கடைக்குப் போக வேண்டியதில்லை, லாரி வைக்க வேண்டியதில்லை. இதைவிடப் பசுமையான ஏற்பாட்டை எந்த ஒலிம்பிக் கமிட்டியாலும் யோசிக்க முடியாது. மேய இடம் இல்லையென்றால் அதுவும் முடிந்தது.

ஆகவே ஒரு ஊர் ஜல்லிக்கட்டுக்கு அனுமதி கேட்கும்போது, கேலரி உறுதியாக இருக்கிறதா என்று கேட்பதோடு இதையும் கேட்க வேண்டும்: உங்கள் ஊர் மேய்க்கால் எவ்வளவு, இப்போது அது எந்த நிலையில் இருக்கிறது? ஆக்கிரமிப்பை அகற்றி, கருவேலத்தை வெட்டி, புல் வளரவிட்ட ஊருக்கு அரசு செட்டை இலவசமாகக் கொடுக்கட்டும். இது தண்டனை இல்லை, ஊக்கத்தொகை.

பரிசையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம். கார், டிராக்டர், பைக் கொடுக்கிறார்கள். கன்றோடு நாட்டுப் பசு கொடுக்கும் வழக்கமும் சில போட்டிகளில் இருக்கிறது. இரண்டாவது வழக்கம் வளர வேண்டும். காளை வளர்ப்பவருக்கு ஒரு வருடத் தீவனமும் காப்பீடும் பரிசாகக் கிடைத்தால், ஜெயித்த மாட்டை அடுத்த மாதமே விற்கும் நிலை அவருக்கு வராது.

வெயிலும் ஒரு நடுவர்

குல்மார்க்கில் பனிக்காகத் தேதியைப் பின்னால் தள்ளினார்கள். இங்கே வெயிலுக்காக முன்னால் இழுக்க வேண்டியிருக்கும். விதிப்படி ஜனவரி முதல் மே வரை போட்டி நடத்தலாம். ஜனவரிக் காலைக்கும் ஏப்ரல் கடைசிக்கும் உள்ள வித்தியாசம் பெரம்பலூர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. நிழலே இல்லாத வரிசையில் காளையை மணிக்கணக்கில் நிறுத்துவது கொடுமை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெரியவருக்கும் போலீஸ்காரருக்கும் அது ஆபத்து.

மாசிக்குள் முடித்துவிட்டால் நல்லது. முடியாத ஊரில் திருவிழாத் தேதியை மாற்ற முடியாதுதான், நேரத்தை மாற்றலாமே. விடியலில் தொடங்கி 11 மணிக்கு முடித்துவிடலாம். அதற்குக் காளைகளின் எண்ணிக்கை குறைய வேண்டும். 200, 300 காளைகளோடு நடக்கும் போட்டியில் இது சாத்தியம். ஆயிரம் காளை என்றால் பொழுது சாயும் வரை இழுக்கும். சின்னதாக நடத்துவதன் லாபம் இங்கேயும் வருகிறது.

'இதெல்லாம் ஓவரா இல்லையா?'

மூன்று எதிர்ப்புக் குரல்கள் வரும். மூன்றும் பொருட்படுத்த வேண்டியவை.

முதல் குரல்: "வருஷத்துக்கு ஒரு நாள் பண்டிகை. அதுலயும் கார்பன் கணக்கா?" பாரம்பரியத்தைக் காப்பதுதான் நோக்கம் என்றால் இந்தக் கணக்கு அதற்கு எதிரி இல்லை. உள்ளூர் வாடி, உள்ளூர் காளை, கழற்றி வைக்கும் கேலரி, பொது மேய்ச்சல் எல்லாம்தான் அசல் பாரம்பரியம். லாரியும் பிளக்ஸும் பரிசுக் காரும் நேற்று வந்தவை.

இரண்டாவது குரல்: "பெரிய விழா நடந்தால்தான் டூரிஸ்ட் வருவான், பணம் வரும்." வரும். எங்கே வரும்? மதுரை ஹோட்டலுக்கு வரும். ஒவ்வொரு மாவட்டத்திலும் பத்து ஊரில் நடந்தால், டீக்கடைக்காரர் முதல் பந்தல்காரர் வரை அந்தந்த ஊரிலேயே நாலு காசு பார்ப்பார்கள். பணம் குறையாது, பரவும்.

மூன்றாவது குரல் கடினமானது: "விலங்கை வதைக்கும் விளையாட்டைப் பசுமையாக்கி என்ன பயன்?" 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது வைத்த காரணமும் வதைதான். 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டின் சட்டத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அந்த ஏற்பு விதிகளை நம்பி வந்த ஏற்பு. விதி மீறல்களும் மரணங்களும் பெருகினால் மறுபடி அதே கூண்டில் நிற்க நேரிடும். ஜல்லிக்கட்டு நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறவருக்கே, ஒவ்வொரு காளையையும் கவனித்துப் பார்க்க முடிகிற அளவில் போட்டியை வைத்துக்கொள்ளும் அக்கறை அதிகம் இருக்க வேண்டும்.

யார் என்ன செய்யலாம்?

மாவட்ட நிர்வாகம்: பகிர்ந்து பயன்படுத்தும் ஒரு செட், வாரச் சுற்றுத் தேதிகள், சொந்த மாவட்டக் காளைகளுக்குப் பதிவில் முன்னுரிமை, போட்டி நாளில் பக்கத்து ஊர்களிலிருந்து டவுன் பஸ்.

விழாக் குழு: தண்ணீர்த் தொட்டி, துணி பேனர், நார்க்கழிவை உரமாக்கும் ஏற்பாடு, முற்பகலில் முடியும் நேரம், தீவனமும் காப்பீடும் கொண்ட பரிசு.

ஊராட்சி: மேய்க்கால் புறம்போக்கை அளந்து, கிராம சபையில் கணக்கு வைப்பது. ஆண்டுக்குப் பல முறை கூடும் சபை அது; ஒரு முறையாவது மாட்டைப் பற்றிப் பேசலாம்.

ஸ்பான்சர்கள்: அரியலூரில் சிமென்ட் ஆலைகள் இருக்கின்றன. சமூகப் பொறுப்பு நிதியில் பரிசுக் காரைவிட, ஓர் ஊரின் மேய்ச்சல் நிலத்தை மீட்டுக் கொடுப்பது பேர் சொல்லும்.

கடைசியாக, நெடுஞ்சாலையில் போகிறவர்கள். குல்மார்க்கில் பனி விழுவதும் விழாததும் யார் கையிலும் இல்லை. அங்கே காத்திருக்க மட்டும்தான் முடிந்தது. மேய்ச்சல் நிலம் அப்படி இல்லை. அது வானத்திலிருந்து விழுவதில்லை. தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் சர்வே எண்ணோடு இருக்கிறது. ஊர் ஜல்லிக்கட்டுக்கு நன்கொடை கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் பணம் அனுப்புங்கள். கூடவே, "நம்ம ஊரு மேய்க்கால் எங்கப்பா இருக்கு?" என்று ஒரு கேள்வியையும் அனுப்புங்கள்.